ஒரே பள்ளத்தில் இருவர்

ஒரே வேலையாக முடியட்டும் என்று அந்த ஊராட்சியில் குடிநீர்க் குழாயையும் சாக்கடைக் குழாயையும் ஒரே பள்ளத்தில் புதைத்துவிட்டார்கள். குடிநீர்க் குழாய்க்கு அந்த அவமானம் ஆறவே இல்லை.

"அக்கா, என் மூட்டு விட்டுப்போச்சு, கசியுது. உன் மேலயும் விரிசல் தெரியுது," என்றது சாக்கடைக் குழாய்.

"எனக்கா விரிசல்? ஊரே குடிக்கிறது என் தண்ணியைத்தான். உன் நாத்தத்தோட என்கிட்டப் பேசாதே!"

மதியம் தொட்டியின் வால்வை மூடினார்கள். தண்ணீர் வடிந்து வெறும் வயிறாகிப்போன குடிநீர்க் குழாய், தன்னையறியாமல் விரிசல் வழியே பக்கத்து ஈரத்தை உறிஞ்சியது.

"ஐயோ அக்கா, அது என் தண்ணி!"

மறுநாள் வால்வு திறந்ததும் குழாயடியில் குடத்தை நிரப்பிய செல்லக்கிளி, இடுப்பிலிருந்த பிள்ளையின் வாயில் டம்ளரை வைத்தாள்.

"தங்கச்சி," என்றது குடிநீர்க் குழாய், முதல்முறையாக. "நாம கத்தினா மேலே கேக்குமா?"

"கேக்காதுக்கா."