தமிழ் அலமாரியின் வாசகர்

"ரெத்தினதாசுக்குச் சிறந்த வாசகர் பரிசா? அந்த ஆளுக்குத் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாதே!"

ஊர் நூலகமான கிரந்தசாலையின் செயலாளர் சௌதாமினி பதிவேட்டை மேசையில் ஓங்கி வைத்தாள். தலைவர் பொன்னப்பன் தன் டீ கிளாஸைப் பத்திரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பதிவேடு அப்படித்தானே சொல்லுது? ஒரு வருஷத்துல நாப்பத்தொரு புத்தகம். அதுவும் ஒருத்தரும் தொடாத தமிழ் அலமாரியில இருந்து."

"எனக்க தம்பிக்க கூட மலையாளம் மீடியத்துல படிச்ச ஆளாக்கும் அண்ணா. எனக்குத் தெரியாதா? பஞ்சாயத்து எலெக்‌ஷனுக்கு வேஷம் கட்டுதாரு."

"விட்டுரு சௌதாமினி. நமக்கு உக்கார நாலு கசேர வாங்கித் தந்தவரு."

"கசேர தந்தா எழுத்து வந்திருமா? இன்னைக்கு ஊருக்கு முன்னால வச்சு மெம்பர்ஷிப் கார்டைப் பிடுங்காம நான் வீட்டுக்குப் போகமாட்டேன்."

ரெத்தினதாஸ், கேரள எல்லைக்குள் இருக்கும் இந்த அமரவிளையில் முந்திரிப் பருப்புக்குத் தோலெடுக்கும் சின்ன ஷெட் வைத்திருக்கிறார். 'அண்டி ஆபீஸ்' என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். அங்கே வேலை செய்யும் இருபது பெண்களும் வாசிப்பு தினக் கூட்டத்துக்கு வந்து கடைசி பெஞ்சுகளை நிறைத்திருந்தார்கள்.

"கை தட்ட ஆளு கொண்டு வந்திருக்காரு, பாத்தீங்களா?" என்றாள் சௌதாமினி.

பரிசு வாங்குகிறவர் சமூக அக்கறையுள்ள ஐந்து புத்தகங்களை ஊருக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். ரெத்தினதாஸ் மைக்கைப் பிடித்தார். கையில் துண்டுச் சீட்டுகூட இல்லை.

"முதல்ல, செங்கல் சூளையில அடிமையா கிடந்த ஒரு குடும்பத்துக்க கதை. நாவலாக்கும். அதுல வாற முதலாளி நல்லவன் மாதிரியே பேசுவான். பாதிப் புத்தகம் வரை நானும் அவன் பக்கம்தான் நின்னேன். பிறகாக்கும் வெக்கம் வந்துது."

கூட்டம் லேசாகச் சிரித்தது.

"ரெண்டாவது, சாக்கடைக்குள்ள இறங்கிச் சாவுகவங்களைப் பற்றினது. கதை இல்ல, நடந்தது. சோறு தின்ன கையோட எடுக்காதீங்கோ."

"மூணாவது, துணிக்கடையில நாள் முழுக்க நின்னு வேலை செய்யிய பெண்ணுவளைப் பற்றினது. ஒண்ணுக்குப் போகவும் விடமாட்டானுவ. அது தீர்ந்த மறுவாரம் எனக்க ஷெட்டுல ரெண்டு கக்கூஸ் கெட்டினேன்."

"மூணா கெட்டியிருக்கலாம் முதலாளி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இப்போது பெரிய சிரிப்பு.

"நாலாவது, கடலு வந்து வீட்டைக் கொண்டுபோனவங்களுக்க கதை. பொழியூர்ல சொந்தக்காரங்க உள்ளவங்க கண்டிப்பா அழுவீங்க."

சௌதாமினிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து மைக்குக்குப் பக்கத்தில் போனாள். அவள் கையில் அந்தச் சூளை நாவல் இருந்தது.

"நல்லா பேசுதீங்க ரெத்தினதாஸ். இதுல ஒரே ஒரு பக்கம் வாசியுங்கோ. ஊரு கேக்கட்டும்."

அவர் புத்தகத்தை வாங்கினார். இரண்டு பக்கம் புரட்டினார். மூடினார்.

"வாசிக்கத் தெரியாது சேச்சி."

ஹாலில் சலசலப்பு எழுந்தது. பிறகு விசில் பறந்தது.

"எல்லாரும் கேட்டீங்கல்லா? எழுத்து தெரியாத ஆளு நாப்பத்தொரு புத்தகம் கொண்டுபோயிருக்காரு! கார்டைத் தாருங்கோ."

ரெத்தினதாஸ் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"கார்டு தந்தாச்சு. ஆனா வாசிச்ச ஆளும் இஞ்ச உண்டு. குமாரி, எழும்பு மக்கா."

கடைசி பெஞ்சில் நாற்பது வயதுள்ள ஒரு பெண் தயங்கி எழுந்தாள். தோலெடுத்து விரல் நுனிகள் கறுத்திருந்தன. எங்கே வைப்பது என்று தெரியாமல் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுலயாக்கும் இவளுக்கு வீடு. தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. தினமும் பஸ்ஸுல வாறா. எங்க தொழில்ல கைக்கு மட்டும்தானே வேலை, காது சும்மா கிடக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கூர் இவ சத்தமா வாசிப்பா. மத்தவங்க கேட்டுக்கிட்டே தோலெடுப்பாங்க. எடைக்குத்தானே கூலி, வாசிச்சதுக்காக இவளுக்க எடை குறையப்பிடாதுல்லா? ஆளுக்கு ஒரு பிடி பருப்பு இவ தட்டுல போட்டிருவாங்க. நான் தராசுக்குப் பக்கத்துல நின்னு கேட்டதாக்கும் இவ்வளவும்."

விசிலடித்தவர்கள் இப்போது கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பொன்னப்பன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "எலே தாசு, இதை முன்னமே சொல்லப்பிடாதா? இவளுக்க பேருலயே ஒரு கார்டு எடுத்திருக்கலாமே!"

"அதுக்குத்தான் அண்ணா அஞ்சாவது புத்தகம்" என்றார் ரெத்தினதாஸ்.

"இது மலையாளம். நானே சொந்தமா வாசிச்சது. நம்ம கிரந்தசாலைக்க சட்டப் புத்தகம். பதினாறு பக்கம்தான், எல்லாரும் வாசிக்கணும். நாலு தடவ வாசிச்சுப் பாத்தேன் சேச்சி. மூணு வருஷம் முன்ன குமாரி இஞ்ச வந்து கேட்டப்ப, 'அந்தப் பக்கத்துக்காரிக்குக் கார்டு கிடையாது'ன்னு திருப்பி விட்டீங்களே, அது எத்தனாம் பக்கத்துல உண்டுன்னு மட்டும் எனக்குக் கிட்டல்ல."