கோரைத்திடல் 2

மணி மூன்று நாற்பத்தைந்து. நான்கு அடித்ததும் எட்டாயிரம் பேருக்குப் போன் போக வேண்டும். ஹுமைராவுக்கு உள்ளங்கை வேர்த்தது, சிரிப்பும் வந்தது.

பாபநாசம் கடைத்தெருவில், உரக்கடை மாடியில் அந்தச் சின்ன ஆபீஸ். கல்லணை திறந்தாச்சு. எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று விவசாயிகளுக்குப் போனில் சொல்லும் புரோகிராம் இன்றுதான் முதன்முதலாக ஓடப்போகிறது. எழுதியது அவள்.

மெஷின் குரல் கேட்டால் லோன் விளம்பரம் என்று டொக்கென்று வைத்துவிடுவார்கள் நம்மாட்கள். அதனால் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் அந்த ஊர்க்காரர் ஒருவர் பேசியதையே பதிந்து வைத்திருந்தார்கள். குரல் இல்லாத வாய்க்காலுக்குப் போன் போகாது. போன் போகாவிட்டால் மடை திறக்க ஆள் வராது. முறை நாள் முடிந்துபோகும், நாற்று காயும்.

இந்த நேரம் பார்த்துத்தான் புரோகிராம் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஃபோல்டருக்குள் அவ்வளவு குப்பை.

கிட் என்கிற பதிவேட்டில் முறையாகச் சேர்த்த ஃபைல்களுக்கு ஆபத்தில்லை. சேர்க்காமல் சும்மா கிடப்பவைதான் வழியை அடைக்கும். ஒரே கட்டளையில் அத்தனையையும் துடைக்கலாம். துடைத்தால் துடைத்ததுதான், பிறகு அழுது புரண்டாலும் திரும்பாது.

அவளுக்கா பயம்? ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாளே இதே ஃபோல்டரைப் பளிச்சென்று கழுவிவிட்டு, முதலாளி நெடுமாறனிடம் சபாஷ் வாங்கியவள் ஆச்சே!

அந்த நெடுமாறன்தான் இப்போது போனில் குதித்தார்.

“என்னம்மா ஹுமைரா, இன்னும் என்ன தடவிக்கிட்டிருக்க? அழிச்சுவிட்டு அனுப்பும்மா!”

கட்டளையை அடித்துவிட்டாள். என்டரைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டு கண்ணில் பட்டது. ‘அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாருங்க.’ இளவழகன் அண்ணன் எழுத்து. ஊர் ஊராக டிவிஎஸ்ஸில் போய்க் குரல் பதிந்து வருகிறவர் அவர்தான். கொண்டுவந்ததைக் கம்ப்யூட்டரில் காப்பி பண்ணத் தெரியும், அதோடு சரி. புதுசாக வந்த பெண்ணைச் சீண்டுகிறார் என்று இத்தனை நாள் அவள் நினைத்திருந்தாள்.

சரி, போகட்டும், ஒரு தடவை.

கட்டளையில் ஓர் எழுத்தை மாற்றினாள். இப்போது அது எதையும் அழிக்காது, எதையெல்லாம் அழிக்கும் என்று காட்ட மட்டும் செய்யும்.

அறுபது வரி ஓடியது. பழைய லாக், பாதியில் நின்ற படம், யாரோ சோதித்துப் பார்த்த மிச்சம். எல்லாம் குப்பைதான். கடைசி எட்டு வரி வெறும் கிறுக்கல்.

\340\256\225\340\257\213...

விரல் மறுபடி என்டர் பக்கம் போனது. போன வேகத்தில் நின்றது.

340, 256. 340, 257. எட்டு வரியிலும் இதே எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவே!

யா அல்லாஹ், இது கிறுக்கல் இல்லை. எண்ணாக மாறி நிற்கும் தமிழ் எழுத்து!

பெயரை உள்ளபடி காட்டச் சொன்னாள். திரையில் பொலபொலவென்று வந்து விழுந்தன ஊர்கள். கோரைத்திடல் 2. நாணல்மேடு 2. வேம்படிக்காடு 2. எட்டும் கடைமடை வாய்க்கால்கள். எட்டு ஊர்க் குரல்கள். காப்பி பண்ணியதோடு வேலை முடிந்தது என்று அண்ணன் நினைத்துவிட்டார், கிட்டில் யாரும் சேர்க்கவில்லை.

அள்ளிச் சேர்த்தாள். மிச்சத்தைத் துடைத்தாள். மூன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள்.

நான்கு மணி ஒரு நிமிடத்துக்கு இளவழகன் கோரைத்திடல் வாய்க்கால் கரையிலிருந்து கூப்பிட்டார். போனைத் தூக்கிப் பிடித்தார். அவரைச் சுற்றி எத்தனை போன்கள்! சினிமாப் பாட்டு, நாதஸ்வரம், டிரிங் டிரிங், எல்லாம் ஒரே சமயத்தில். “ஏய், நம்ம ரெத்தினம் பேசுறான்டா!” என்று யாரோ கூவினார்கள். ஹுமைரா ஆளில்லாத ஆபீஸில் கைதட்டினாள்.

தட்டிக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

எல்லாப் பெயரிலும் 2 இருக்கிறதே, 1 எங்கே?

ஃபோல்டர் முழுக்கத் தேடினாள். இல்லை.

கை அப்படியே நின்றது. ஏப்ரல். மூன்றாவது நாள். அன்றைக்கு அழித்தபின் ஓடிய பட்டியலிலும் கடைசியில் எட்டு வரி கிறுக்கல் இருந்தது. என்ன ஏது என்று பார்க்காமல் துடைத்தது அவள்தான். அதற்கடுத்த திங்கட்கிழமை இளவழகன் முகம் கருத்து, தொண்டை கட்டி வந்து நின்றார். மச்சான் வீட்டுக் காதுகுத்து, வெயில்ல அலைச்சல் என்றார். மஞ்சள் சீட்டு ஒட்டியதும் அன்றைக்குத்தான்.

“அண்ணே,” என்றாள். “பேர்ல எல்லாம் எதுக்குண்ணே ரெண்டு?”

அந்தப் பக்கம் இளவழகன் அவசரமாகச் சிரித்தார்.

“அதுவாம்மா? மொதத் தடவ பதிஞ்சதுல காத்து சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு. அத விடும்மா, இங்க தண்ணி வருது, தண்ணி வருது!”