எக்லெஸ் மயோனீஸ்

மூக்கையும் வாயையும் துண்டால் இறுகப் பொத்திக்கொண்டு கார் ஷெட் வாசலிலேயே நின்றார் செங்கோட்டையன். உள்ளே அவருடைய மருமகள் யாழினி, நேற்று மீந்துபோன பன்றி ஹாமை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கொழுப்பெல்லாம் எடுத்துப்போட்டியா கண்ணு?" துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எடுத்துட்டனுங்க மாமா."

"முருகா! கிருத்திகையும் அதுவுமா இதையெல்லாம் பாக்கோணும்னு என்ற தலையெழுத்து."

மூன்று தலைமுறையாக முட்டை ஓடுகூட நுழையாத வீடு. பன்றி இறைச்சி மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை கோயமுத்தூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். டென்மார்க்கிலிருந்து பனியன் ஆர்டர் தர வரும் பையர் ஹென்ரிக்குக்காக. அது இல்லாமல் வெள்ளைக்காரனுக்குத் தொண்டையில் சோறு இறங்காது என்று முதல் வருஷமே தீர்ப்புச் சொன்னவர் செங்கோட்டையன்தான். முட்டைக்குக் கிடைக்காத அனுமதி பன்றிக்குக் கிடைத்தது, ஏற்றுமதி என்பதால்.

அதற்கென்று ஷெட்டில் தனி மிக்ஸி, தனிக் கத்தி. பெயரைக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். 'பையர் சாமான்' என்பார்கள்.

போன வாரம் யாழினி ஆசைப்பட்டு வாங்கிய ஒரே ஒரு முட்டை பப்ஸை அவள் கைப்பையிலேயே மோப்பம் பிடித்துவிட்டார் மனிதர். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அவளுக்குத் தலைக்குக் குளியல். அதற்குப் பிறகும் பூஜை அறைப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. மாமியார் கமலாம்பாள் இன்னும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த நேரம் பார்த்து ஆர்டர் இழுபறியானது. ஒவ்வொரு வருஷமும் செங்கோட்டையன் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் தனியாக நின்று பரிமாறுவார், தட்டு காலியாகத் திரும்பும். நேற்று மகன் அருள்செல்வனும் கூட உட்கார்ந்து உபசரித்தான். ஹென்ரிக் 'வேண்டாம்' என்றார். அதைக் கூச்சம் என்றே அருள்செல்வன் நினைத்தான். நம்மூரில் மூன்று தரம் வேண்டாம் என்ற பிறகுதானே விருந்தாளி இலையைக் காட்டுவான்? கடைசிவரை மனிதர் தயிர் சாதத்தோடு எழுந்துவிட்டார்.

"பையர் தொடவே இல்லீங்கப்பா. ஆர்டர் கைவிட்டுப் போயிருமாட்ட இருக்குதுங்க" என்று வீட்டுக்கு வந்து புலம்பினான்.

செங்கோட்டையன் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். "போச்சுன்னா அது முட்டைத் தோசம். ஊட்டுக்குள்ள எதைக் கொண்டாரலாம், எதைக் கொண்டாரப்படாதுன்னு ஒரு இது வேண்டாமா?"

யாழினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பப்ஸுக்கு ஒரு கம்பெனியே கவிழுமா? இனி ஆயுசுக்கும் இந்தப் பழி தன் தலையில்தான்.

மிச்சத்தை அரைத்து ரொட்டியில் தடவிக் கொடுத்தால் பையருக்கு இறங்கும் என்று யோசனை சொன்னதும் செங்கோட்டையன்தான். அதற்காகத்தான் காலையிலேயே இந்த ஷெட் சமையல்.

"ரொம்ப நைசா அரைச்சுப்போடாத. திப்பி திப்பியா இருக்கோணும். மிளகை இடிச்சுப் போடு, வெங்காயம் பொடுசா அரி."

"மயோனீஸுங்க மாமா?"

"ரெண்டு கரண்டி போடு. டப்பாவைப் பாத்து வாங்குனியா? முட்டை இல்லாததுதான?"

"எக்லெஸ்தானுங்க மாமா."

"அதான பாத்தேன்! நம்மூட்டுக்குன்னு ஒரு ஆசாரம் இருக்குதல்ல."

முட்டை கலக்காத மயோனீஸில் பன்றியைப் பிசைந்தாள் யாழினி. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"டப்பாவுல போட்டு மூடி வை. நான் கோயிலுக்குப் போயிட்டு வந்து கெஸ்ட் ஹவுஸுக்குக் கொண்டு போறேன். இந்தப் பாவமெல்லாம் என்னோட போகட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் ஹென்ரிக்கே கார் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். கம்பெனியில் கையெழுத்துப் போட்டாயிற்றாம். ஏர்போர்ட் போகிற வழியில் விடைபெற வந்தாராம்.

யாழினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் இரண்டு ரொட்டியில் அரைத்ததைத் தாராளமாகத் தடவிக் கொண்டுவந்து நீட்டினாள்.

ஹென்ரிக் சிரித்தபடி கும்பிட்டார். "மன்னிக்கணும். நான் இருபது வருஷமாக சைவம்" என்றார் ஆங்கிலத்தில். "முதல் வருஷமே உங்கள் மாமனாரிடம் சைகை காட்டிச் சொல்லிவிட்டேன். 'நோ பிராப்ளம்' என்று தட்டை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார், காலித் தட்டோடு வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். ரொம்ப நல்ல மனிதர்."

கார் கிளம்பிப் போனது. தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள் யாழினி.

நெற்றி நிறையத் திருநீறோடு செங்கோட்டையன் உள்ளே வந்தார். "அந்த டப்பா எங்க கண்ணு? பையர் பசியோட காத்துட்டு இருப்பாரு."

"பையர் வந்துட்டுப் போயிட்டாருங்க மாமா. ஆர்டரும் குடுத்துட்டாருங்க." யாழினி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "அவரு இருவது வருசமா சுத்த சைவமுங்களாமா."

பூஜை அறையில் கமலாம்பாள் மணியடித்துக்கொண்டிருந்தாள். செங்கோட்டையன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், தட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மருமகள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"முட்டை பப்ஸு எத்தனை வாங்கியாரட்டுங் கண்ணு?"