மைனாவின் பந்தயக் கதை

ஓடுவது ஒருவர், ஜெயித்ததற்காக மாலை வாங்குவது இன்னொருவர். அது என்ன ஓட்டம், சொல்லுங்கள் பார்ப்போம்.

குதிரைப் பந்தயம்தான். அதைப் பற்றி ஒரு மைனாக்குஞ்சு கதை கட்டியிருந்தது. அன்று மாலை குதிரை லாயத்தில் அதைச் சொல்ல வேண்டும். பிழை இருக்கக் கூடாதே என்று, முந்தின நாள் ஜெயித்த கறுப்புக் குதிரையிடம் விவரம் கேட்கப் போனது.

“அண்ணா, கடைசித் திருப்பத்தில் கூட்டம் என் குதிரையின் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. அதைக் கேட்டதும் அது பாய்ந்து ஜெயிக்கிறது. சரிதானே?”

“உன் குதிரைக்குக் காது திறந்திருக்கிறதா? கொடுத்து வைத்தது. நாங்கள் மிரளக் கூடாதென்று காதில் பஞ்சு அடைத்துவிடுவார்கள்.”

“பிறகு என்னதான் தெரியும்?”

“முன்னால் ஓடுகிறவன் உதைக்கும் மண். கண்ணிலும் மூக்கிலும் வந்து அடிக்கும்.”

“அப்படியானால் மாற்றிவிடுகிறேன்.”

“மாற்றாதே,” என்றது குதிரை. “ஆறு தடவை ஜெயித்துவிட்டேன். அந்தச் சத்தத்தை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. உன் கதையிலாவது கேட்கிறேன்.”

அப்போது பக்கத்துக் கொட்டடி இளம் பெண்குதிரை நடைப் பயிற்சி முடிந்து திரும்பியது. மறுநாள் அதற்கு முதல் பந்தயம்.

“மைனா, அங்கே எப்படி இருக்குமோ அப்படியே சொல்லு. நினைக்காதது ஏதாவது வந்தால் நான் மிரண்டு நின்றுவிடுவேன். பின்னால் வருகிறவர்கள் என்மேல் ஏறிவிடுவார்கள்.”



மாலையில் எல்லோரும் கூடினார்கள். மைனாக்குஞ்சு தன் கதையில் மண்ணைச் சொன்னது. கூட்டத்தின் சத்தத்தைச் சொல்லவில்லை.