சோப்புநீர் முடிக்கும்வரை பொறுக்காத கிருமிநாசினி

ஆஸ்பத்திரி வார்டின் அலமாரியில் ஒரு கிருமிநாசினி இருந்தது. அம்மோனியம் உப்பைக் கரைத்துச் செய்த மருந்து அது. சும்மா இருக்கவே அதற்குத் தெரியாது. கீழே வாளியில் இருந்த சோப்புநீர் தரையைக் கழுவுவதைப் பார்த்துப் பார்த்து, புட்டிக்குள்ளேயே தளும்பியது.

"அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம்? ஆபரேஷன் ஆனவர் படுத்திருக்கார். கிருமி பெருகிடுமே!"

"அழுக்கை நான் எடுத்துடறேன். என்னைத் தண்ணி விட்டு நல்லா அலசினதும் நீ வா. நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கக் கூடாது" என்றது சோப்புநீர்.

"அதுவரைக்கும் என்னால பொறுக்க முடியாது. சேர்ந்தே முடிச்சிடலாம்!"

மூடியைத் தள்ளிக்கொண்டு கிருமிநாசினி வாளிக்குள் குதித்தது.

குதித்ததுதான் தாமதம், கிருமிநாசினியின் நேர் மின்னூட்டமும் சோப்பின் எதிர் மின்னூட்டமும் இரண்டையும் இறுகப் பிணைத்துவிட்டன. "விடுங்க அண்ணே!" என்று அது திமிறியது. "நானா பிடிச்சிருக்கேன்? என்னாலயும் விட முடியலையே!" என்றது சோப்புநீர். வாளித் தண்ணீர் பால்போலக் கலங்கியது. அழுக்கு எடுக்கும் வேகமும் கிருமி கொல்லும் வேகமும் அந்தப் பிடிக்குள்ளேயே தீர்ந்துபோயின.

தரையில் இருந்த கிருமி ஒன்று வாளியை அண்ணாந்து பார்த்தது.

"என்னைத் தேடித்தானே இவ்வளவு அவசரமா வந்தே?"

கிருமிநாசினி அந்தப் பிடிக்குள் இன்னும் திமிறிக்கொண்டிருந்தது. கிருமி, ஆபரேஷன் ஆனவரின் கட்டில் கால் வழியாக நிதானமாக மேலே ஏறத் தொடங்கியது.