தடிப்புக்குக் கொடுத்த மருந்து

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காப்பகத்துக்குள் நுழைந்தவள், ஆயாவைப் பிடி பிடியென்று பிடித்தாள்.

"உடம்புல தடிப்பு வந்தா மட்டும் அளந்து குடுக்கற அலர்ஜி மருந்தை, இவனுக்கு தினமும் ஊத்தியிருக்கீங்க. மூச்சு நின்னுருந்தா என்ன பண்ணுவீங்கன்னு டாக்டர் என்னைக் கேக்கறார். பிள்ளையைத் தூங்க வெச்சுட்டு நீங்க நிம்மதியா இருக்கவா அந்த மருந்து?"

"விடு, பாவம். தெரியாம பண்ணிட்டாங்க. வேற காப்பகம் பாத்துக்கலாம் வா," என்று பின்னாலேயே வந்த கணவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"நீங்க சும்மா இருங்க. இன்னிக்கு இவங்களை விடறதா இல்ல."

ஆயாவுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் ஒரு சொட்டுகூடக் குடுக்கலைம்மா. பிள்ளை இங்க வரும்போதே கண்ணைத் திறக்க முடியாமத்தான் வருது. ஏன்னு கேட்டா, கார்ல அழுதா போன் பேச முடியல, அதான் ஒரு ஸ்பூன் குடுத்தேன், அம்மாவுக்கும் தெரியும்னு சொன்னார்."

"யார் சொன்னது?"

"தினமும் கொண்டுவந்து விடறவர்தான். இதோ நிக்கிறாரே."

கணவன் ஓரடி பின்வாங்கினான். "டாக்டர் எழுதிக் குடுத்த மருந்துதானே..."

அவள் ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு அவன் கையிலிருந்த கார் சாவியைப் பிடுங்கினாள்.

"நீங்க பஸ்ல வாங்க. வழியெல்லாம் நிம்மதியா போன் பேசலாம்."