நாலு போல்ட்டு

காலையில் வைத்த இட்லி தட்டிலேயே காய்ந்து கிடந்தது. போத்தனூர் பட்டறையில் லேத்தைக்கூட ஓட்டாமல் செல்போனையே முறைத்துக்கொண்டிருந்தார் சைமன்.

மாதா கோயிலிலிருந்து திரும்பிய ஜோவிதா, வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு நேராகப் புருசனிடம் வந்தாள்.

“ஏனுங்க, ராக்கெட் கம்பெனிக்காரங்க கூப்புட்டாங்களா?”

“இல்ல. ராக்கெட்டு கெளம்பிருச்சாம். அதுக்கு நாம செஞ்சு குடுத்த போல்ட்டு என்னாச்சுன்னுதான் தெரியல.”

“பயப்படாதீங்க. இத்தன வருசமா பம்ப்செட்டுக்குப் பண்ணிக் குடுக்கறீங்க, ஒரு போல்ட்டு உடைஞ்சிருக்குங்களா? இதுவும் உடையக் கூடாதுன்னு மாதாகிட்ட முட்டி போட்டு வேண்டிப்போட்டு வாரேன்.”

சைமன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “என்னன்னு வேண்டுன?”

அதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் ராக்கெட் கம்பெனிக்காரர்; பின்னால் ஒரே கூச்சல்.

“சைமன் சார், உங்க நாலு போல்ட்டும் உடைஞ்சிருச்சு!”

“நாலுமா? நல்லாப் பாத்தீங்களா?”

“நாலும்தான் சார்.”

சைமன் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார்.

ஜோவிதா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். “மாதாவே, இப்படிக் கைவிட்டுட்டியே! ஏனுங்க, கேஸு கீஸு போட்டுருவாங்களா?”

“அட அம்மணி, உடையறதுக்குன்னே செஞ்ச போல்ட்டு அது! கம்பெனி ரகசியம்னு உங்கிட்டச் சொல்லல. எரிஞ்சு முடிஞ்ச அடிப்பாகத்த அதுதான் புடிச்சிருக்கும். நாலும் ஒண்ணா உடைஞ்சாத்தான் அது கழண்டு விழும், மிச்சம் மேல போகும். ஒண்ணு உடையாம நின்னிருந்தாலும் மொத்த ராக்கெட்டும் கடல்லதான்.”

ஜோவிதா கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அப்ப என்ற வேண்டுதலு?”

சைமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“நல்லவேளை, மாதாவுக்கு ராக்கெட்டப் பத்தித் தெரிஞ்சிருக்கு!”